இழுவைப் பாதை: பக்கிங்காம் கால்வாய்க் கரையும் மிதிவண்டியும்

ஐரோப்பியக் குடும்பங்கள் கோடை விடுமுறையில் ஆற்றங்கரை வழியே மிதிவண்டியில் ஊர் ஊராகச் செல்லும் வழக்கத்துக்கு அடிப்படையாக இருப்பது, மிதிவண்டி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே உருவான ஓர் உழைப்பின் தடம். டான்யூப் ஆற்றில் சரக்குப் படகுகளை நீரோட்டத்துக்கு எதிராக மேலே கொண்டுசெல்ல, கரையில் நடக்கும் குதிரைகளிடம் கயிற்றைப் பூட்டி இழுத்தார்கள். அக்குதிரைகள் நடப்பதற்காக நீரை ஒட்டி, மேடுபள்ளம் இல்லாமல் அமைக்கப்பட்ட வழியே இழுவைப் பாதை எனப்படுவது. 1829-இல் வியன்னாவில் நீராவிக் கப்பல் நிறுவனம் தொடங்கப்பட்டபின் குதிரைகளுக்கு மெல்ல வேலை இல்லாமற்போனாலும், ஆற்றைப் பராமரிக்கும் துறையினரின் பயன்பாட்டில் பாதை அழியாமல் நின்றது. 1980-களில் அது மிதிவண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டபோது, ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து வியன்னா வரை 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி, சிறு பிள்ளைகளும் களைக்காமல் மிதிக்கக்கூடிய சமதளமாக, புதிதாக நிலம் எடுக்க வேண்டிய தேவை பெரிதும் இன்றிக் கிடைத்தது.

இத்தகைய ஓர் இழுவைப் பாதை சென்னையிலும் இருந்தது என்பதும், அது பக்கிங்காம் கால்வாய்க் கரையாக மயிலாப்பூர், அடையாறு பகுதிகளை ஊடுருவிச் சென்றது என்பதும் இன்று பரவலாக நினைவுகூரப்படுவதில்லை. பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகரின் முதலீட்டில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்டு, 1806-இல் பயன்பாட்டுக்கு வந்த கால்வாய் 1837-இல் அரசின் கைக்கு மாறியது. பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீண்டுகொண்டே போனது. கூவம் ஆற்றுக்கும் அடையாற்றுக்கும் இடையே விடுபட்டிருந்த ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தூரம் மட்டும் 1877-78-இல், மக்கள் தாது வருஷப் பஞ்சம் என்று நினைவில் வைத்திருந்த பெரும் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு இடப்பட்டது. ஆனால் மயிலாப்பூரை ஒட்டிய அந்தப் பகுதியைத் தோண்டியவை கூலிக்காக மண்வெட்டி பிடித்த பசித்த கைகள்தாம் என்பதை அப்பெயர் சொல்வதில்லை. காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் பகுதி வரை நீண்ட இந்நீர்வழியின் மொத்த நீளம் சுமார் 796 கிலோமீட்டர்.

இங்கே படகை இழுத்தவை குதிரைகள் அல்ல, மனிதர்கள். காற்று வாய்ப்பாக வீசும்போது பாய் விரிப்பார்கள். மற்ற நேரங்களில் ஒருவர் கயிற்றைத் தோளில் இட்டுக் கரையில் நடக்க, இன்னொருவர் படகின் பின்புறம் நின்று நீண்ட கோலை ஊன்றித் தள்ளுவார். 1934-இல் தோழர்களுடன் இக்கால்வாய் வழியாக மாமல்லபுரம் சென்ற பாரதிதாசன், அப்பயணத்தைப் பற்றிய ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதையில் நிலவையும் நீரையும் ரசித்துக்கொண்டே வந்து, இழுப்பவரின் தோளையும் தள்ளுபவரின் முதுகையும் கண்ட இடத்தில் மனம் பொறுக்காமல் நின்றுவிடுகிறார். சென்னையில் நீர்க்கரையோரமாக நிகழ்ந்த உல்லாசப் பயணம் ஒன்றைப் பற்றிய மிக நேர்மையான இலக்கியச் சான்று அதுவே எனலாம். பயணியின் இன்பம் யாருடைய வலியால் நகர்கிறது என்று அது கேட்கிறது. விறகும் உப்பும் சுண்ணாம்புக்கான கிளிஞ்சலும் இவ்வழியே நகருக்குள் வந்தன.

ரயிலும் லாரியும் சரக்கைப் பறித்துக்கொண்ட பிறகு, 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. தூர் வாரப்படாத நீரில் கழிவுநீர் கலந்தது. படகு நின்றதும் கரையில் நடக்க ஆளில்லை. ஆளில்லாத கரை, திட்டமிடுவோர் கண்ணுக்கு உரிமையாளரோடு வழக்காட வேண்டாத வெற்று நிலமாகத் தெரிந்தது. பறக்கும் ரயில் என்று மக்கள் அழைக்கும் உயர்மட்ட ரயில் பாதை 1997-இல் திருமயிலையை எட்டி, 2007-இல் வேளச்சேரி வரை நீண்டபோது, அதன் தூண்கள் கால்வாயின் கரையிலும் நீரிலுமே ஊன்றப்பட்டன. திருமயிலை, மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, கோட்டூர்புரம், கஸ்தூர்பா நகர், இந்திரா நகர், திருவான்மியூர் என்று நிலையப் பெயர்களை வரிசையாக வாசிப்பவர், படகுக்காரர்கள் நடந்த வழியையே ஏறக்குறைய வாசிக்கிறார்.

இழுவைப் பாதையைப் போலவே மிதிவண்டியின் பிறப்பும் ஆற்றங்கரை ஊரிலேயே நிகழ்ந்தது. ரைன், நெக்கர் ஆறுகள் கூடும் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ், 1817 ஜூன் 12 அன்று மிதிகட்டை இல்லாத தம் இருசக்கர வண்டியைக் காலால் உந்திச் சென்றதையே அதன் தொடக்கமாகக் கொள்வர். சென்னைக்கு அது இங்கிலாந்திலிருந்து இறக்குமதியாக வந்தது. 1949-இல் முருகப்பா குழுமம் ஆங்கிலக் கூட்டாளியுடன் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கிய பிறகு, ஹெர்குலிஸ் வண்டி குமாஸ்தாவின் வீட்டு வாசலுக்கும் வந்து சேர்ந்தது. உள்ளாட்சிக்கு வரி கட்டி அதற்கு அடையாளமான உலோக வில்லையைப் பொருத்துவதும், மாலை ஆனதும் டயரோடு உரசிச் சுழன்று விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோவைத் தட்டிவிடுவதும், ‘டபுள்ஸ்’ எனப்பட்ட இருவர் சவாரிக்காகக் காவலரிடம் அகப்படுவதும் அக்கால நகர வாழ்க்கையின் அன்றாடங்கள்.

டான்யூப் கரையில் தலைக்கு ஒரு வண்டி. சென்னையில் குடும்பத்துக்கு ஒரு வண்டி. தகப்பனார் மிதிக்க, முன்கம்பியில் திருகிப் பொருத்திய சிறு இருக்கையில் குழந்தையும், பின்னால் கேரியரில் ஒருபக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டு, புடவைத் தலைப்பு சக்கரத்தில் சிக்காமல் இழுத்துச் செருகிக்கொண்டு தாயும் அமர்ந்து செல்வதே இங்கு நிலவிய குடும்ப மிதிவண்டிப் பயணம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் மணிக்கணக்குக் கூலிக்கு வாடகை சைக்கிள் எடுத்து, இருக்கைக்குக் கால் எட்டாததால் கம்பிக்குக் கீழே ஒரு காலை நுழைத்து மிதிக்கும் ‘குரங்கு பெடல்’ முறையில் ஓட்டக் கற்றார்கள். 1920-களில் பழைய பெரிய ஏரியின் படுகையில் உருவான தியாகராய நகரின் சமதளத் தெருக்கள் அதற்கு ஏற்றவையாக இருந்தன.

இவ்வளவு வண்டிகள் இருந்தும் ஆற்றங்கரைப் பயணம் இங்கே வேர்பிடிக்காததற்கு வெயிலைக் காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் அதிகாலையும் மாலையும் சென்னைக்கும் உண்டு. அடையாற்றின் கரை பொதுவழியாக இருந்ததே இல்லை என்பதே மெய்யான காரணம்: தென்கரையில் 1882-இல் பிரம்மஞான சபை வாங்கிய தோட்டம், வடகரையில் படகுக் குழாமும் மதில் சூழ்ந்த மாளிகைகளும். கரையோரமாகப் பொதுமக்கள் தொடர்ந்து நடக்கக்கூடிய ஒரே நீண்ட வழி கால்வாயின் இழுவைப் பாதைதான். அதுவும், வண்டி என்பது பிழைப்புக் கருவியாக மட்டும் இருந்த தலைமுறையின் காலத்தில் கைவிடப்பட்டு, பொழுதுபோக்குக்காக மிதிப்போர் பெருகுவதற்கு முன் தூண்களுக்கு இரையாயிற்று.

2014-இல் சென்னை மாநகராட்சி, நடப்போரையும் மிதிப்போரையும் முன்னிறுத்தும் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை இந்திய நகரங்களில் முதலாவதாக ஏற்றது. 2019-இல் தியாகராய நகரின் பாண்டி பஜாரில் அகன்ற நடைவளாகமும் திறக்கப்பட்டது. இரண்டும் சாலையையே எண்ணின, நீர்க்கரையை எண்ணவில்லை. ஆயினும் ரயில் பாதை திருவான்மியூரைக் கடந்ததும் தரமணி நோக்கித் திரும்பிவிடுவதால், அங்கிருந்து கோவளம் நோக்கிச் செல்லும் கால்வாய்ப் பகுதியில் தூண்கள் இல்லை. 2008-இல் தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக அறிவிக்கப்பட்ட இக்கால்வாயை ஆழப்படுத்தவும் அகலப்படுத்தவும் திட்டம் தீட்டுவோர், படகு இழுத்தவர்கள் நடந்த அகலத்தையாவது கரையில் பொதுவழியாக அளந்து ஒதுக்க வேண்டும்.