முட்டைத் திருடர்களும் மூவாயிரம் மைல் பறந்து வரும் மீன் வேட்டைக்காரனும்: கார்ட்டன் ஏரியின் கதை

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. பனி கொட்டிக்கொண்டிருந்த வேளையில் ஸ்காட்லாந்தின் லாக் அன் எலன் ஏரிக்குள் இறங்கி நீந்தினார் லூயிஸ் டன்பார். ஏரி நடுவே ஒரு தீவு, தீவில் இடிந்த கோட்டை, கோட்டையின் உச்சியில் விராலடிப்பான் என்ற வேட்டைப் பறவையின் கூடு. முட்டைகளை எடுத்தவர், கைக்கு ஒன்றாகப் பிடித்தபடி மல்லாந்து நீந்திக் கரை சேர்ந்தார். அவை ஜான் வூலி என்ற சேகரிப்பாளரிடம் போய்ச் சேர்ந்தன.

டன்பார் தனி ஆள் இல்லை. முட்டை சேகரிப்பது அன்றைய பிரிட்டனில் படித்தவர்கள், வசதி படைத்தவர்களின் மோகம். ஒரு பறவை எவ்வளவு அரிதாகிறதோ, அதன் முட்டைக்கு மதிப்பும் அவ்வளவு கூடும். 1848-இல் சதர்லாந்து பகுதியில் விராலடிப்பான்களைத் தேடிப்போன சார்ல்ஸ் செயின்ட் ஜான் பறவையைச் சுட்டார், முட்டையையும் எடுத்தார். சுட்டதற்காகத் தம் பயண நூலில் வருந்தியும் எழுதினார். அந்த வருத்தம் யாருடைய கையையும் தடுக்கவில்லை. மீன் தங்களுக்கே வேண்டும் என்று நினைத்த பண்ணைக்காரர்களும், வேட்டை எஸ்டேட் காவலர்களும், பாடம் செய்த பறவைகளை வாங்கும் வியாபாரிகளும் மீதியைப் பார்த்துக்கொண்டார்கள். லாக் அன் எலன் கோட்டையில் கடைசியாகக் கூடு இருந்தது 1899-இல். ஸ்காட்லாந்திலேயே கடைசிக் கூடு என்று பதிவுகள் காட்டும் ஆண்டு 1916.

ஒரு பறவையை இவ்வளவு சுலபமாக எப்படி அழிக்க முடிந்தது? விடை அதன் வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது. விராலடிப்பான் கிட்டத்தட்ட மீனை மட்டுமே தின்று வாழும் வேட்டைப் பறவை. நீருக்கு மேல் பத்து முதல் நாற்பது மீட்டர் உயரத்தில் பறந்தபடி மீனைக் குறிவைத்து, கடைசி நொடியில் கால்களை முன்னே நீட்டிக்கொண்டு நீரில் பாயும். அப்போது நாசித் துளைகள் மூடிக்கொள்ளும். வெளிவிரலைப் பின்பக்கம் திருப்ப முடியும் என்பதால் முன்னே இரண்டு, பின்னே இரண்டு விரல்களாக மீனைக் கவ்வும். பாதத்தின் அடியில் உள்ள முள்போன்ற செதில்கள் வழுக்கும் மீனையும் நழுவ விடாது. பிடித்த மீனின் தலையை முன்புறமாகத் திருப்பி வைத்துக்கொண்டு பறப்பதால் காற்றின் எதிர்ப்பும் குறைகிறது.

இத்தனை திறமை உள்ள பறவைக்கு ஒரு விஷயத்தில் மட்டும் வளைந்துகொடுக்கத் தெரியாது. ஏப்ரல் தொடக்கத்தில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் ஜோடி, போன ஆண்டு விட்டுப்போன அதே கூட்டுக்கே வரும். ஏரிக்கரைப் பைன் மரத்தின் உச்சியில், நாற்புறமும் தெரியும்படி குச்சிகளால் அடுக்கிய கூடு அது. ஆண்டுதோறும் அதன்மேலேயே புதுக் குச்சிகள் சேரும். வளர்ந்த ஆண் குஞ்சுகளும் தாம் பிறந்த பகுதியை நாடியே திரும்பும். புது இடம் தேடிப் போவது அபூர்வம். எந்த மரம், எந்த மாதம் என்று திருடனுக்குத் தெரிந்துவிட்டால் போதும். அடுத்த ஆண்டும் அதே இடத்துக்கு அவன் வரலாம். ஒரு வட்டாரத்தில் எல்லா ஜோடிகளும் அழிந்துவிட்டால், வெளியிலிருந்து பறவைகள் வந்து அந்த இடத்தை நிரப்பப் பல பத்தாண்டுகள் ஆகும்.

ஸ்காட்லாந்தில் அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. ஸ்காண்டிநேவியாவில் தப்பிப் பிழைத்த விராலடிப்பான்கள் வலசை போகும் வழியில் ஸ்காட்லாந்தைக் கடப்பதுண்டு. அப்படி வந்த ஒரு ஜோடி 1954-இல் லாக் கார்ட்டன் ஏரிப் பக்கம் கூடு கட்டியது. செய்தி கசியாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அடுத்தடுத்த ஆண்டுகளில் இனப்பெருக்கம் நிலைக்கவில்லை. 1958-இல் ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம் இரவும் பகலும் கூட்டுக்குக் காவல் போட்டது. அப்படியும் ஜூன் தொடக்கத்தில் ஓர் இருண்ட இரவில் ஒருவன் மரத்தில் ஏறிவிட்டான். காவலர்கள் துரத்தியும் சிக்கவில்லை. விராலடிப்பானின் முட்டைகள் மரத்தடியில் உடைந்து கிடந்தன. கூட்டில் இருந்தவை பழுப்பு நிற ஷூ பாலிஷ் பூசிய கோழி முட்டைகள்.

இதற்கு மறுமொழியாக ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் எடுத்த முடிவுதான் இந்த வரலாற்றின் திருப்புமுனை. ஸ்காட்லாந்தில் சங்கத்தின் பொறுப்பாளராக இருந்த அவர், ரகசியத்தையே கைவிட்டார். 1959-இல் ஜோடி மீண்டும் வந்தபோது, அந்த இடம் சட்டப்படி சரணாலயமாக்கப்பட்டது, மரத்தில் முள்கம்பி சுற்றப்பட்டது. அதோடு நிற்காமல், கூடு இருக்கும் இடத்தை ஊருக்கே அறிவித்து, தொலைவிலிருந்து தொலைநோக்கியில் பார்க்க ஒரு குடிலும் அமைத்தார்கள். திருடனுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம் சங்கத்துக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். ஆனால் திருடனுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது பொதுமக்களுக்குத்தான். அந்த ஒரு பருவத்தில் சுமார் 14,000 பேர் வந்து பார்த்தார்கள். கூட்டில் மூன்று குஞ்சுகள் வளர்ந்து பறந்தன.

அதன் பிறகும் பாதை சமமாக இல்லை. 1963-இல் சூறைக்காற்றில் முயற்சி வீணானது. 1971-இல் மறுபடியும் முட்டைத் திருட்டு. 1986-இல் யாரோ கூடு இருந்த மரத்தையே ரம்பத்தால் அறுத்தார்கள். ஆனாலும் எண்ணிக்கை மெல்ல ஏறியது: 1976-இல் 14 ஜோடிகள், 1991-இல் 71, 2001-இல் 158.

இன்னும் வேகமாகப் பரவாததற்குக் காரணம் திருடர்கள் மட்டுமல்ல. பிறந்த இடத்தை விடாத அந்தக் குணமே பறவைகளை ஸ்காட்லாந்தோடு கட்டிப்போட்டது. அந்தக் குணத்தையே துணையாக்கிக்கொண்டார் பறவைப் பாதுகாவலர் ராய் டென்னிஸ். இளம் ஆண் விராலடிப்பானை ஈர்ப்பது இன்னொரு ஜோடியின் கூடு என்பதால், மரங்களின் உச்சியில் செயற்கைக் கூடுகளை அமைத்தார். பறவை தன் பிறந்த ஊராகக் கருதுவது முட்டையிலிருந்து பொரிந்த இடத்தை அல்ல, முதன்முதலில் சிறகடித்துப் பறந்த இடத்தையே. எனவே பறக்கத் தயாராகும் நிலையில் உள்ள ஸ்காட்லாந்துக் குஞ்சுகளை 1996 முதல் இங்கிலாந்தின் ரட்லண்ட் நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோய் அங்கே வளர்த்து விட்டார்கள். அவை ஆப்பிரிக்கா போய்த் திரும்பி வந்தன. 2001-இல் ரட்லண்டில் முதல் குஞ்சு பிறந்தது. அதே ஆண்டு வடக்கே பேசன்த்வெயிட் ஏரியில், ஆள்கள் அமைத்துக்கொடுத்த மேடையில் வேறொரு ஜோடி தானாகவே வந்து குஞ்சு பொரித்தது. வேல்ஸின் கிளாஸ்லின் பள்ளத்தாக்கில் 2004-இல் கூடு கட்டிய ஆணும் ரட்லண்டுக்குக் கொண்டுவரப்பட்ட குஞ்சுகளில் ஒன்றுதான்.

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பூல் துறைமுகத்தில் இதே முயற்சி 2017-இல் தொடங்கியது. 2022-இல் அங்கே இரண்டு குஞ்சுகள் பொரிந்தன. தந்தை ஸ்காட்லாந்திலிருந்து 2019-இல் கொண்டுவரப்பட்ட பறவை. தாய் ரட்லண்டில் பிறந்தவள்.