கைவிட்டது யார்?
கோலார் தங்கவயலும் தாமிரபரணிக் கரையும்

1999ஆம் ஆண்டு நெல்லையில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜூலை 23 அன்று, சிறையிலிருந்த மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களை விடுவிக்கக் கோரி ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியதில் 17 பேர் செத்தார்கள். அதே ஆண்டில் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம், ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' நூலை வெளியிட்டது. நான் அப்போது பள்ளிப் பையன். முதல் சம்பவத்தைப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டது மட்டும் ஞாபகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை எம்.ஏ. தமிழ் படிக்கும்போதுதான் நூலகத்தில் எடுத்துப் பிரித்தேன். கோலார் தங்கவயலுக்குள் நான் நுழைந்தது அந்த அச்செழுத்தின் வழியாகத்தான்.

தங்கவயலைப் பற்றிய அதிகாரபூர்வக் கதை வெள்ளைக்காரப் பெயர்களால் ஆனது. 1802இல் ஜான் வாரன் என்ற லெப்டினன்ட், உள்ளூர் மக்கள் மண்ணை அரித்தும் பாறையை இடித்தும் பொன் எடுப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். அதைப் படித்துவிட்டு 1870களில் லாவெல் என்ற முன்னாள் சிப்பாய் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. சனங்கள் ஏற்கெனவே தோண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து எழுதியவருக்குக் 'கண்டுபிடித்தவர்' என்று பெயர்! 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் சுரங்கத்துக்கு வந்தது. பெங்களூர் நகரமே அதற்குப் பிறகுதான் விளக்கேற்றியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. கிளப், பங்களா, ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று எழுந்த ஊரைக் 'குட்டி இங்கிலாந்து' என்றார்கள்.

சரி, அந்த 3 கிலோமீட்டரைத் தோண்டியது யார்? பெரும்பாலும் வடாற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்கள். அவர்களில் பெரும்பகுதி பறையர்கள். பண்ணையாளாகக் கிடந்தவனுக்கு ரொக்கக் கூலி என்பது வெறும் காசல்ல, ஊர்த்தெருவை விட்டு வெளியேறும் வழி. அதற்கு விலையும் இருந்தது. மூங்கில் தட்டிக் குடிசை, பாறை வெடிப்பு, நுரையீரலில் படியும் சிலிகா தூசு. குழியிலிருந்து மேலே ஏறியவனின் உடம்பைத் துழாவிச் சோதித்தார்கள். கம்பெனிக்குத் தங்கத்தின்மீது இருந்த பயம் தொழிலாளியின் உடலைக் கண்காணிக்கும் அறிவியலாக மாறியது. 1930இல் விரல் ரேகையைப் பதியச் சொன்னபோது அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். உடலைப் பதிவேடாக்கும் அதிகாரத்தைப் பற்றி நாம் பூக்கோவைப் படித்துத் தெரிந்துகொண்டோம். அவர்களுக்கு அது சொந்தக் கட்டைவிரலிலேயே தெரிந்திருந்தது.

பள்ளத்தில் இறங்கியவர்கள் எழுதவும் செய்தார்கள். மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கம் இயங்கியது. சாம்பியன் ரீஃப்பில் சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டது. 1914இல் அவர் மறைந்து, பின்னர் நின்றுபோன 'தமிழன்' பத்திரிகைக்கு 1920களில் மறுபடி உயிர் கொடுத்தவர் தங்கவயல் ஜி. அப்பாதுரையார். நம் இலக்கிய வரலாறுகளில் இதற்கு எத்தனை பக்கம் என்று பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. சென்னையையும் கும்பகோணத்தையும் தாண்டி நவீனத்துவம் பிறக்காது என்ற நம்பிக்கை அப்படி. 2018இல் வந்த சினிமா இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே தொழிலாளிகள் வெறும் அடிமைக் கூட்டம். வெளியிலிருந்து ஒரு நாயகன் வந்துதான் அவர்களை மீட்க வேண்டுமாம். சங்கம் வைத்தவன், பத்திரிகை நடத்தியவன் எல்லாம் எங்கே போனான்?

வீழ்ச்சியின் கணக்கு எளியது. தொடக்கத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம் கடைசியில் சுமார் 3 கிராமாக இளைத்தது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. பிறகு அவை மத்திய அரசிடம் போய், 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாயின. 2001 பிப்ரவரி 28இல் இழுத்து மூடினார்கள். 800 டன்னுக்கு மேல் தங்கம் வெளியே போய்விட்டது. சயனைடு மேடுகள் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டன.

உடனே 'கைவிடப்பட்ட நகரம்', 'பேய் நகரம்' என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேல் சனம்! மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் ரயிலேறி, சுமார் 100 கிலோமீட்டர் போய், பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்புகிறவர்கள் பேய்களா? எழுச்சி, வீழ்ச்சி என்ற சொல்லாடலே கம்பெனியின் வரவு செலவுப் புத்தகத்திலிருந்து வருவது. லாபம் நின்ற நாளில் ஊரும் நின்றுபோனதாக அது எழுதிக்கொள்ளும். தொழிலாளியின் வரலாறு வேறு காலக் கணக்கில் ஓடுகிறது.

இதைத் தொலைதூரக் கதையாக வைத்துக்கொள்ள நமக்கு வசதியில்லை. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா கம்பெனிக்குக் கொடுத்த மலை மாஞ்சோலை. குத்தகை 2028இல் முடிய வேண்டும். அதற்கு முன்பே, 2024இல், கம்பெனி தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் போகச் சொல்லிவிட்டது. விருப்பம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்களின் லைன் வீடுகளுக்குக் கீழே நிலம் காடாகிறது. காடு வேண்டியதுதான். ஆனால் அந்தக் காட்டின் வரலாற்றில் அவர்கள் பெயர் இருக்குமா, ஆக்கிரமிப்பு என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருக்குமா?

தங்கவயல்காரர்களிடம் ஒரு பத்திரிகை இருந்தது, அச்சகம் இருந்தது. அதனால்தான் மூழ்கிப்போன சுரங்கத்திலிருந்தும் அவர்கள் குரல் பாளையங்கோட்டை வரை ஏறிவந்தது. மாஞ்சோலையில் பேசத் தெரிந்த கிழவிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். போய்க் கேட்டு எழுதிவைக்க வேண்டிய சோலி நம்முடையது.