பெயரும் எண்ணும்

மனிதன் பெயரை நினைவில் வைப்பான். இயந்திரமோ எண்ணையே அறியும். இவ்விரண்டையும் இணைத்த முயற்சி, கணினி வரலாற்றில் ஓர் அரிய அத்தியாயமாகும்.

1969ஆம் ஆண்டு அமெரிக்காவிலே ஆர்ப்பாநெற் என்னும் கணினி வலையமைப்புத் தோன்றியது. அதிற் சேர்ந்த கணினிகள் சிலவே. ஆதலின், அவற்றின் பெயர்களையும் எண்களையும் ஒரே பட்டியலில் எழுதி வைத்தல் எளிதாயிற்று. கலிபோர்ணியாவின் மென்லோ பார்க் நகரிலுள்ள எஸ். ஆர். ஐ. ஆராய்ச்சி நிறுவனத்தில், எலிசபெத் பைன்லர் அம்மையாரின் தலைமையில் இயங்கிய தகவல் நிலையம் அதனைப் பேணிற்று. புதிய கணினியை இணைப்போர் அந்நிலையத்துக்கு அறிவிப்பர். ஏனையோர் பட்டியலின் புதிய படியைப் பெற்றுத் தத்தம் கணினியில் வைத்துக்கொள்வர்.

கணினிகள் பெருகவே, இம்முறை தளர்ந்தது. ஒரே பெயரை இருவர் விரும்பினர். படி எடுப்போரின் நெருக்கம் மிகுந்தது. தொலைவிலுள்ளோர் கையிற் பட்டியல் சேருமுன்னரே அது பழையதாயிற்று.

ஜோன் பொஸ்ரல் என்னும் அறிஞர் இதற்கொரு வழி காணுமாறு போல் மொக்கப்பெற்றிஸ் என்பவரிடம் கூறினார். இருவரும் தென் கலிபோர்ணியப் பல்கலைக் கழகத்தின் தகவல் அறிவியல் நிலையத்திற் பணியாற்றியவர்கள். 1983ஆம் ஆண்டு நவம்பரில் மொக்கப்பெற்றிஸ் தமது திட்டத்தை வெளியிட்டார். அதன் உயிர்நாடி அதிகாரப் பகிர்வே. நாட்டிலுள்ள வீடுகள் அனைத்தையும் கொழும்பு அறிய வேண்டுவதில்லை. அது கச்சேரியைக் காட்டும். கச்சேரி விதானையாரைக் காட்டும். அவர் வீட்டைக் காட்டுவார். அவ்வாறே, பெயர்களின் உச்சியிலுள்ள வேர்க் கணினிகள் அடுத்த படியையே காட்டும். பெற்ற விடை குறித்த காலம்வரை சேமித்து வைக்கப்படும். மீண்டும் மீண்டும் கேட்க வேண்டுவதில்லை. 1984இல் பேர்க்கிளிப் பல்கலைக் கழக மாணவர் நால்வர் இதற்கென ‘பைண்ட்’ என்னும் மென்பொருளை ஆக்கினர்.

எனினும், வந்த விடை மெய்யானதா எனச் சோதிக்கும் வழி ஆதி அமைப்பில் இருக்கவில்லை. பொய் விடையைப் புகுத்துதல் எத்துணை எளிது என்பதை 2008இல் டான் கமின்ஸ்கி எடுத்துக் காட்டியபோது உலகம் விழித்துக்கொண்டது. 2010 யூலையில் வேர்ப் பதிவுகள் இலத்திரனியல் ஒப்பம் பெற்றன. அதே ஆண்டில் ‘இலங்கை’ என்னும் தமிழ்ச் சொல்லும் இணைய முகவரியின் ஈறாக இடம் பெற்றமை நாம் மகிழத்தக்கது.

இன்று தனித்து நிற்கும் சேவைக் கணினியொன்றை நிறுவுவோர், இவ்வரலாறு முழுவதையும் அதனுள்ளே காணலாம். பெயரொன்றைக் கேட்டதும், அது பெரும்பாலும் தன்னிடமுள்ள சிறு பட்டியலையே முதலிற் பார்க்கும். தன்னைக் குறிக்கும் பெயரை 127.0.0.1 என்னும் எண்ணோடு அங்கே காணும். அதில் இல்லாத பெயர்களையே வெளியே வினவும். மென்லோ பார்க்கின் பழைய பட்டியல் அழிந்துவிடவில்லை. ஒவ்வொரு கணினியிலும் ஒரு சிறு மூலையில் அது வாழ்கின்றது.