சொகுசுக் கப்பல் பயணத்தில் கஞ்சா கலந்த தூக்க மருந்துகள்: சட்டம் சொல்வது என்ன?

புதுதில்லி: உறக்கத்துக்கு உதவும் என்ற விளம்பரத்துடன் சில வெளிநாடுகளில் வெளிப்படையாக விற்கப்படும் கஞ்சா கலந்த மிட்டாய்களையும் எண்ணெய்களையும் சொகுசுக் கப்பல் பயணத்தில் உடன் எடுத்துச் செல்வது, இந்தியச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகலாம். வாங்கிய நாட்டில் அதன் விற்பனைக்கு அனுமதி உண்டு என்பதோ, உறக்கமின்மைக்காகவே வாங்கப்பட்டது என்பதோ இந்தியத் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் பயணிக்குப் பாதுகாப்பு அளிப்பதில்லை.

தில்லியிலிருந்து கப்பல் பயணம் மேற்கொள்வோர் முதலில் மும்பை, சென்னை, சிங்கப்பூர் போன்ற துறைமுக நகரங்களுக்கு விமானத்தில் செல்கின்றனர். ஆகவே ஒரே பயணத்தில் விமான நிலையச் சோதனை, கப்பல் முனையச் சோதனை, இடையில் நிற்கும் நாடுகளின் சுங்கச் சோதனை, திரும்பி வரும்போது இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையச் சுங்கச் சோதனை எனப் பல கட்டங்களை அவர்களது பயணப் பை கடக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அந்தந்த இடத்தின் சட்டமே செல்லும்.

சட்டத்தின் வரையறை

போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. கஞ்சா செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பிசினான சரஸ், செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதியான கஞ்சா, இவற்றைச் சேர்த்துத் தயாரிக்கப்படும் கலவைகள், பானங்கள் ஆகிய அனைத்தும் இச்சட்டத்தின் 2-ஆவது பிரிவில் அடங்கும். செறிவூட்டப்பட்ட கஞ்சா எண்ணெயும் சரஸ் என்ற வகையிலேயே சேர்க்கப்பட்டுள்ளது. பூக்கும் நுனி சேராத இலையும் விதையும் மட்டும் கஞ்சா என்ற வரையறைக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளன.

தூக்க மிட்டாய்களில் பொதுவாகச் சேர்க்கப்படுபவை டிஎச்சி, சிபிடி என்ற இரு வேதிப்பொருள்கள். இவற்றில் போதை தருவது டிஎச்சி. சிபிடி போதை தராது என்பதால் அதற்குத் தடையில்லை என்று பலரும் கருதுகின்றனர். ஆனால், பூவிலிருந்தோ பிசினிலிருந்தோ எடுக்கப்பட்ட சிபிடிக்கு இச்சட்டம் தனி விலக்கு எதுவும் அளிக்கவில்லை. மெலடோனின் மட்டுமே கொண்ட தூக்க மிட்டாய்கள் இச்சட்டத்தின் வரம்பில் வருவதில்லை. ஒரே தோற்றமுள்ள இரு புட்டிகளில் எது எந்த வகை என்பதை உட்பொருள் பட்டியலைப் படித்தே அறிய முடியும்.

எடை கணக்கிடப்படும் முறை

தண்டனையின் அளவு, பிடிபட்ட பொருளின் எடையைப் பொறுத்தது. கஞ்சாவுக்கு 1 கிலோ வரையும், சரஸுக்கு 100 கிராம் வரையும் 'சிறிய அளவு' ஆகும். கஞ்சா 20 கிலோ, சரஸ் 1 கிலோ என்ற அளவுகள் 'வணிக அளவு' எனப்படுகின்றன. சிறிய அளவுக்கு ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சிறிய அளவைவிடக் கூடி வணிக அளவைவிடக் குறைந்தால் 10 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டுகள் வரை கடுங்காவலும், 1 லட்சம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படும். நாட்டுக்குள் கொண்டுவருதல், வெளியே கொண்டுசெல்லுதல் ஆகியவற்றுக்கான 23-ஆவது பிரிவிலும் இதே படிநிலைதான் பின்பற்றப்படுகிறது.

மிட்டாய் வடிவிலான பொருள்களுக்கு உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு மிக முக்கியமானது. ஹீரா சிங் எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் தேதி தீர்ப்பளித்த மூன்று நீதிபதிகள் அமர்வு, போதைப்பொருளின் தூய அளவை மட்டுமன்றி, அதனுடன் கலந்துள்ள பிற பொருள்களின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று கூறியது.

எடுத்துக்காட்டாக, ஒவ்வொன்றும் 4 கிராம் எடையுள்ள 30 மிட்டாய்கள் கொண்ட ஒரு புட்டியைக் கொள்வோம். ஒரு மிட்டாயில் 5 மில்லிகிராம் டிஎச்சி இருந்தால், புட்டியில் உள்ள மொத்த டிஎச்சி 150 மில்லிகிராம் மட்டுமே. ஆனால் சர்க்கரையும் கூழும் சேர்ந்த எடை 120 கிராம். அம்மிட்டாய் கஞ்சா எண்ணெயால் ஆனதென்று கருதி சரஸ் கலவையாக எடுத்துக்கொண்டால், அது 100 கிராம் வரம்பைத் தாண்டிவிடும். ஓராண்டு வரையிலான தண்டனைப் படிநிலை 10 ஆண்டுகள் வரையிலானதாக மாறும் வாய்ப்பு இங்குதான் உள்ளது.

நடுக்கடலில் எந்தச் சட்டம்?

கரையைக் கடந்துவிட்டால் இந்தியச் சட்டம் பின்தொடராது என்ற எண்ணம் தவறானது. இச்சட்டத்தின் முதல் பிரிவே, இந்தியாவுக்கு வெளியே உள்ள இந்தியக் குடிமக்கள் அனைவருக்கும், இந்தியாவில் பதிவுபெற்ற கப்பல்களிலும் விமானங்களிலும் உள்ள அனைவருக்கும், அவை எங்கிருந்தாலும் இச்சட்டம் பொருந்தும் என்று கூறுகிறது. கப்பல் வேறு நாட்டுக் கொடியுடன் செல்வதாயினும், அதில் உள்ள இந்தியக் குடிமகனுக்கு இதிலிருந்து விலக்கில்லை.

கப்பல் நிறுவனங்களின் விதிகளும் தனியே உள்ளன. மருத்துவர் பரிந்துரைத்த கஞ்சாவைக்கூடப் பெரிய சர்வதேச நிறுவனங்கள் கப்பலில் அனுமதிப்பதில்லை. சில நிறுவனங்கள் சிபிடி பொருள்களையும் தடை செய்துள்ளன.

கார்டிலியா கப்பல் வழக்கு

இந்தியாவில் சொகுசுக் கப்பல் பயணிகள் தொடர்பாக மிகவும் பேசப்பட்டது 2021-ஆம் ஆண்டு வழக்கு. அக்டோபர் 2-ஆம் தேதி மும்பையிலிருந்து கோவாவுக்குப் புறப்படவிருந்த கார்டிலியா கப்பலில் பயணிக்க வந்தவர்களிடம் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகம் சோதனை நடத்தியது. 21 கிராம் சரஸ் உள்ளிட்ட பொருள்கள் கைப்பற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. இவ்வழக்கில் 20 பேர் கைது செய்யப்பட்டனர். அவர்களில் ஒருவரான நடிகர் ஷாருக் கானின் மகன் ஆர்யன் கானிடம் போதைப்பொருள் எதுவும் கைப்பற்றப்படவில்லை. எனினும், அக்டோபர் 28-ஆம் தேதி மும்பை உயர் நீதிமன்றம் ஜாமீன் வழங்கிய பின்னர், 30-ஆம் தேதியே அவர் சிறையிலிருந்து வெளியே வந்தார். 2022-ஆம் ஆண்டு மே 27-ஆம் தேதி தாக்கல் செய்யப்பட்ட குற்றப்பத்திரிகையில், போதிய ஆதாரம் இல்லை என்று கூறி அவர் உள்பட 6 பேரின் பெயர்கள் சேர்க்கப்படவில்லை.

இறுதியில் குற்றச்சாட்டே இல்லாமல் போனவர்களும் வாரக்கணக்கில் காவலில் இருக்க நேரிடும் என்பதை இவ்வழக்கு காட்டியது. பொருள் ஒருவரிடம் இருப்பது மெய்ப்பிக்கப்பட்டால், அறிந்தே வைத்திருந்தார் என்று 35, 54 ஆகிய பிரிவுகள் அனுமானிக்க இடமளிக்கின்றன. அதில் கஞ்சா இருந்தது தமக்குத் தெரியாது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு பயணியைச் சேர்கிறது.

பிற நாடுகளில் நிலை

தாய்லாந்து 2022-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் தேதி கஞ்சா செடியைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025-ஆம் ஆண்டு ஜூனில், மருத்துவப் பரிந்துரை இருந்தால் மட்டுமே கஞ்சா பூவை விற்கலாம் என மீண்டும் கட்டுப்பாடு விதித்தது. அங்கு வாங்கிய பொருளுடன் சிங்கப்பூரில் இறங்குபவர் முற்றிலும் வேறொரு சட்டத்தை எதிர்கொள்கிறார். சிங்கப்பூரில் கஞ்சா வைத்திருந்தால் 10 ஆண்டுகள் வரை சிறை அல்லது 20,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 500 கிராமுக்கு மேல் கடத்துவது மரண தண்டனைக்குரிய குற்றமாகும்.

சென்னையிலிருந்து இலங்கைக்கான சொகுசுக் கப்பல் சேவை 2023-ஆம் ஆண்டு ஜூனில் தொடங்கி, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை துறைமுகங்களுக்குச் சென்றது. இலங்கையிலும் அனுமதியின்றிக் கஞ்சா வைத்திருப்பது குற்றமே.

ஆயுர்வேத மருந்துகள்

கஞ்சா இலை, 'விஜயா' என்ற பெயரில் ஆயுர்வேத மருந்துகளில் பயன்படுகிறது. மருந்து விதிகளின் இ-1 அட்டவணையில் அது இடம்பெற்றுள்ளதால், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை உறையில் இருக்க வேண்டும். உறக்கமின்மைக்கென உரிமம் பெற்ற இத்தகைய மருந்துகளை இந்தியாவில் பரிந்துரையின் பேரில் வாங்க இயலும். ஆனால் அந்த உரிமம் இந்திய எல்லையுடன் முடிந்துவிடுகிறது. பிற நாட்டுச் சுங்க அதிகாரிக்கு அதுவும் கஞ்சா கலந்த எண்ணெயே.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

* வெளிநாட்டில் வாங்கும் தூக்க மிட்டாய், எண்ணெய் ஆகியவற்றின் உட்பொருள் பட்டியலைப் படிக்க வேண்டும். கஞ்சா, டிஎச்சி, சிபிடி எனக் குறிப்பிட்டிருந்தால் உடன் கொண்டுவரக் கூடாது.

* பிறர் கொடுத்தனுப்பும் மிட்டாய், மருந்துப் பொட்டலங்களை ஏற்கக் கூடாது.

* அல்பிரசோலம், சோல்பிடம் போன்ற வழக்கமான தூக்க மாத்திரைகளும் இதே சட்டத்தின் மனமயக்கப் பொருள் பட்டியலில் உள்ளன. மருத்துவரின் பரிந்துரைச் சீட்டுடன், மருந்தின் மூல உறையிலேயே, பயண நாள்களுக்குத் தேவையான அளவை மட்டும் எடுத்துச் செல்ல வேண்டும். சிங்கப்பூர் போன்ற நாடுகளில் இவற்றில் சிலவற்றுக்கு முன் அனுமதி தேவை.

* உடல் சோதனைக்கு முன், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நீதித்துறை நடுவர் முன்னிலையில் சோதிக்கப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை 50-ஆவது பிரிவின்படி உண்டு. பயணப் பைகளுக்கு மட்டுமான சோதனைக்கு இது பொருந்தாது.

* போதைப்பொருள் தொடர்பான தகவல், ஆலோசனைகளுக்கு மத்திய அரசின் 'மானஸ்' உதவி எண் 1933-ஐத் தொடர்பு கொள்ளலாம்.