வானலை யாருடையது?

தொலைக்காட்சித் திரையிலே ஒரு கறுப்பின வழக்கறிஞர் தோன்றுகிறார். பெயர் தர்குட் மார்ஷல். வெள்ளைக் குழந்தைக்கு ஒரு பள்ளி, கறுப்புக் குழந்தைக்கு ஒரு பள்ளி என்றிருந்த கொடுமையை எதிர்த்து, அமெரிக்கத் தலைமை நீதிமன்றத்தில் வாதாடி 1954இல் வென்றவர். மறு ஆண்டு என்.பி.சி. ஒளிபரப்பு நிறுவனம் அவரை நாடறியக் காட்டிற்று. ஆனால், மிசிசிப்பி மாநிலத்தின் தலைநகராம் ஜாக்சனிலே அந்த முகம் திடீரென மறைந்தது. கம்பியில் கோளாறு என்று வருத்தம் தெரிவிக்கும் அறிவிப்பு அட்டை ஒன்று அங்கே நின்றது.

கோளாறு கம்பியில் இல்லை. நிலையத்தை நடத்தியவர்களின் நெஞ்சிலே இருந்தது!

அந்த நிலையத்தின் பெயர் டபிள்யூ.எல்.பி.டி. மூன்றாம் எண் அலைவரிசை அதனுடையது. அதன் வரலாற்றைத்தான் நாம் இங்கே எடுத்துரைக்க முனைகிறோம். கடல் கடந்த ஊரொன்றின் தொலைக்காட்சி நிலையம் நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்கள், சற்றே பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம்.

1953 டிசம்பரில் அந்நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. உரிமையாளர், லாமர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம். அமெரிக்காவில் ஊர்தோறும் உள்ள நிலையங்கள் பெரும்பாலும் தனித்தனி முதலாளிகளுக்கு உரியவை. நாடளாவிய நிறுவனங்களோடு அவை ஒப்பந்தம் செய்துகொண்டு, அங்கிருந்து வரும் நிகழ்ச்சிகளைத் தம் ஊராருக்கு அளிக்கின்றன. ஜாக்சன் நிலையம் என்.பி.சி.யோடு இணைந்தது. 1970இல் ஏ.பி.சி.க்கென அந்நகரில் வேறொரு நிலையம் எழும்வரை, அந்த நிறுவனத்தின் நிகழ்ச்சிகளில் சிலவற்றையும் அது காட்டி வந்தது. நிகழ்ச்சி எங்கிருந்து வந்தால் என்ன? அதை விடுவதும் தடுப்பதும் உள்ளூர் மேலாளரின் விரலிலே இருந்தன.

அந்த மேலாளர் பிரெட் பியர்ட், வெள்ளைக் குடிமக்கள் மன்றத்தின் உறுப்பினர். இனப்பிரிவினையைக் கட்டிக்காப்பதற்கென்றே 1954இல் மிசிசிப்பியில் முளைத்த அமைப்பு அது. அம்மன்றத்தின் நூல்களை விற்கும் கடையொன்று நிலையக் கட்டடத்திலேயே நடந்தது என்றால், அங்கே வீசிய காற்று எத்தகையது என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை.

நிலையத்தின் ஒளி எட்டிய பகுதியில் வாழ்ந்தோரில், நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர் கறுப்பின மக்கள். அவர்களும் பெட்டி வாங்கினர். விளம்பரத்தில் கண்ட சோப்பையும் மாவையும் காசு கொடுத்து வாங்கினர். அவர்களின் காசுக்குத் தீட்டில்லை. அவர்களின் முகத்துக்கும் குரலுக்கும் மட்டும் இருந்தது தீட்டு! ஊர்ச் சாவடியிலே கைகட்டி நின்ற பரம்பரையின் கதை அறிந்த நமக்கு, இந்தக் கணக்குப் புரியாதா என்ன?

1957இல் லிட்டில் ராக் நகரில், ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழையப் படைக்காவல் தேவைப்பட்டது. அதைப்பற்றி ஜாக்சன் நிலையம் நிகழ்ச்சி ஒன்று நடத்தியது. பேசிய அரசியல்வாதிகள் அனைவரும் பிரிவினையின் பக்கமே. மறுத்துரைக்க நேரம் கேட்டார் மெட்கர் எவர்ஸ். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்துக்கு மிசிசிப்பியில் செயலாளராக இருந்தவர். நேரம் கிடைக்கவில்லை. முறையீடு, தகவல்தொடர்பு ஆணையத்திடம் சென்றது. ஆணையம் அதைத் தள்ளிவிட்டு, 1959இல் நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பித்துக் கொடுத்தது.

உரிமம் என்றால் என்ன என்பதை இவ்விடத்தில் விளக்கிவிடுவோம். வானலை அளவுக்கு உட்பட்டது. ஒரே ஊரில் ஒரே அலைவரிசையில் இருவர் ஒளிபரப்பினால், இரண்டுமே சிதையும். ஆகவே, அரசு ஒருவரைத் தேர்ந்து உரிமம் அளிக்கிறது. அந்நாளில் அது மூன்றாண்டுக்கு உரியது. பொதுமக்களின் நலனுக்கும் வசதிக்கும் தேவைக்கும் ஏற்ப அதை நடத்தவேண்டும் என்பது 1934ஆம் ஆண்டுச் சட்டம். அதாவது, நிலையமும் எந்திரமும் முதலாளியின் சொத்து, அலையோ மக்களுடையது. சட்டம் ஏட்டிலே இவ்வாறிருக்க, நாட்டிலே நடந்தது வேறு.

1962இல் பாதிரியார் ராபர்ட் எல். டி. ஸ்மித் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார். பணம் கொடுத்து நேரம் வாங்க முன்வந்த வேட்பாளர் அவர். அவருக்கும் நெடும்போராட்டத்திற்குப் பின்னரே திரை திறந்தது. 1963 மே மாதம் ஜாக்சன் மேயர் ஆலன் தாம்சன், உரிமை இயக்கத்தைத் தாக்கித் தொலைக்காட்சியில் பேசினார். மறுமொழி கூற எவர்ஸ் மீண்டும் கேட்டார். இம்முறை நிலையத்தால் மறுக்க முடியவில்லை. மே 20ஆம் நாள், 17 நிமிடம் அவர் பேசினார். ஆப்பிரிக்க நாடுகளில் கறுப்பர் ஆட்சி புரிவதைச் செய்தியில் காணும் ஜாக்சன் கறுப்பர், தம் நகரிலே தம் இனத்தவர் ஒருவர்கூடக் காவலராகவோ தீயணைப்பு வீரராகவோ இல்லாததை எண்ணிப் பார்க்கிறார் என்று எடுத்துக் காட்டினார். ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பெற்ற 17 நிமிடம் அது! ஜூன் 12ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், தம் வீட்டு வாயிலிலே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

துப்பாக்கி ஒரு குரலை அடக்கியது. ஆனால், அக்குரல் எழுப்பிய கேள்வி அடங்கவில்லை.

மறு ஆண்டு அக்கேள்வியைக் கையிலெடுத்தவர் எவரெட் பார்க்கர். ஐக்கியக் கிறிஸ்து சபையின் தகவல்தொடர்பு அலுவலகத் தலைவர். மதகுருவா என்று புருவம் உயர்த்தும் தோழர்களுக்கு ஒன்று சொல்வோம்: அவர் அங்கே நடத்தியது வழிபாடு அன்று, வழக்கு. நியாயம் கிடைக்கட்டும் என்று மண்டியிட்டு அவர் காத்திருக்கவில்லை, சான்று திரட்டினார். 1964 மார்ச் மாதம் ஒரு வாரம் முழுவதும், தன்னார்வலர் சிலர் வீடொன்றில் அமர்ந்து, நிலையம் ஒளிபரப்பியவற்றையெல்லாம் கண்காணித்துக் குறிப்பெடுத்தனர். யார் தோன்றினர், யார் பேசினர், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் ஏட்டில் ஏறின. வெளியே தெரிந்தால் தீங்கு நேரும் என்பதால், அவர்களின் பெயர்கள் மறைத்து வைக்கப்பட்டன. பெட்டி முன் அமர்ந்து குறிப்பெடுப்பதே உயிருக்கு ஆபத்தான செயலாக இருந்த ஊர் அது!

அந்தக் கணக்கோடு, மருந்துக் கடை நடத்தி வந்த உரிமைத் தலைவர் ஆரன் ஹென்றியும் மேற்சொன்ன ஸ்மித்தும் பார்க்கரின் அலுவலகத்தோடு சேர்ந்து, இந்நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று மனுச் செய்தனர். ஆணையம் 1965இல் விடை கூறியது. எத்தகைய விடை? வழக்காட நீங்கள் யார் என்று கேட்டது! நிலையத்தால் பணமிழந்தவர் வரலாம். அலை மோதலால் பாதிக்கப்பட்ட இன்னொரு நிலையத்தார் வரலாம். பார்ப்பவர் வரக்கூடாது என்பதே அதுவரை இருந்த நடைமுறை. நிலையத்துக்கு ஓராண்டு உரிமம் கொடுத்து, திருந்திக்கொள் என்று அறிவுரையும் கூறி அனுப்பியது ஆணையம்.

மனுதாரர் மேல்முறையீடு செய்தனர். 1966 மார்ச் 25ஆம் நாள், வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் சார்பில் நீதிபதி வாரன் பர்கர் தீர்ப்பெழுதினார். பார்ப்போருக்கும் கேட்போருக்கும் வழக்காடும் உரிமை உண்டு. பொறுப்புள்ள அவர்களின் பிரதிநிதிகளை விசாரணையில் சேர்த்தே தீரவேண்டும் என்றது அத்தீர்ப்பு. அமெரிக்கா முழுவதும் பொதுமக்கள் எந்த நிலையத்தின் உரிமத்தையும் எதிர்த்து வாதாடும் வாயில் அன்று திறந்தது.

ஆதிக்கம் ஓர் அடியில் வீழ்ந்துவிடுமா? ஆணையம் விசாரணை நடத்தியது. நடத்திவிட்டு, 1968இல் மீண்டும் அதே நிறுவனத்துக்கே உரிமம் கொடுத்தது. மீண்டும் மேல்முறையீடு. 1969 ஜூன் 20இல் மீண்டும் பர்கரின் தீர்ப்பு. ஆணையம் மனுதாரரைப் பகைவர்போல் நடத்தியது என்று கண்டித்து, உரிமத்தையே நீக்கியது. அடுத்த சில நாட்களில் பர்கர் அமெரிக்கத் தலைமை நீதிபதியானார். அவரோடு அதே அவையில் அமர்ந்திருந்தவர் யார் தெரியுமா? கம்பிக் கோளாறு என்று முகம் மறைக்கப்பட்ட தர்குட் மார்ஷல்! 1967இலேயே அவர் அந்நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாகிவிட்டார்.

1971 ஜூனில், இலாப நோக்கற்ற இடைக்கால அமைப்பொன்று நிலையத்தை ஏற்றது. 1972இல் வில்லியம் டில்டே பொது மேலாளரானார். தென்மாநிலங்களின் வணிகத் தொலைக்காட்சியில் அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. ஓட்டுநரும் துப்புரவாளருமாக மட்டும் கறுப்பரை அறிந்திருந்த ஊரிலே, செய்தி வாசிப்பவரும் செய்தி திரட்டுபவரும் அவர்களாயினர். பின்னர் நிரந்தர உரிமத்துக்குப் பல குழுக்கள் போட்டியிட்டன. பல்லாண்டு இழுபறிக்குப் பின், கறுப்பினத்தார் பெரும்பங்கு கொண்ட டி.வி.-3 நிறுவனத்தின் கைக்கு நிலையம் வந்தது. அதன் தலைவராக அமர்ந்தவர், மனுச் செய்த ஆரன் ஹென்றி! வாசலிலே தடுக்கப்பட்டவர் வீட்டின் தலைவரானார்.

இங்கேயே முடித்தால் கதை இனிக்கும். ஆனால் வரலாறு, நம் விருப்பத்திற்கேற்ப நின்றுவிடுவதில்லை. 2000இல் நிலையம், லிபர்ட்டி நிறுவனத்துக்கு உரிய காஸ்மாஸ் ஒளிபரப்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2006இல் லிபர்ட்டியை ரேகாம் நிறுவனம் வாங்கியது. 2019 சனவரியில் ரேகாம், கிரே நிறுவனத்தோடு இணைந்தது. ஒரே ஊரில் இருந்த உரிமை, பல மாநிலங்களில் நிலையங்களைக் கோத்து வைத்திருக்கும் பெருநிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. மூன்றாண்டாக இருந்த உரிமமும் படிப்படியாக நீண்டு, 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் எட்டாண்டு ஆயிற்று. மக்கள் கேள்வி கேட்கும் வாய்ப்பு அந்த அளவுக்குக் குறைந்தது என்பதே நம் கருத்து.

ஒன்றைக் கருதிப் பாருங்கள். இத்தனை ஆண்டுகளில் உரிமையாளர் மாறினர். என்.பி.சி. இணைப்போ மாறவேயில்லை. மார்ஷலின் முகத்தை மறைத்த நாளிலும் என்.பி.சி.தான், டில்டே மேலாளராக அமர்ந்த நாளிலும் என்.பி.சி.தான். ஆகவே, பெரிய இடத்திலிருந்து நல்ல நிகழ்ச்சி வந்துவிட்டால் போதும் என்பது பேதைமை. நல்ல முதலாளி வாய்த்தால் போதும் என்பதும் அத்தகையதே. நல்லவர் நாளை விற்றுவிட்டுப் போகலாம். மாற்றத்தைக் கொண்டுவந்தது, பார்த்துக் கொண்டிருந்தவர்கள் தமக்கும் உரிமையுண்டு என்று எழுந்து கேட்டதுதான். கூச்சலால் அன்று, குறிப்பேட்டால் கேட்டார்கள். இருமுறை ஆணையத்திடம் தோற்றும் ஓயாமல் கேட்டார்கள்.

வானலை பொதுச்சொத்து என்று நம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் 1995இல் தீர்ப்பளித்துவிட்டது. தீர்ப்பு இருக்கிறது. பொதுச்சொத்துக்கு உரியவர்கள், தம் சொத்தை யார் எப்படிக் கையாள்கிறார்கள் என்று கணக்குப் பார்க்கிறார்களா? நம் இல்லத்துத் திரையில் நாள்தோறும் யார் முகம் தெரிகிறது, யார் முகம் மறைகிறது, எந்தச் சேரியின் குரல் கேட்கிறது, எது கம்பிக் கோளாறாகிவிடுகிறது?

ஒரு வாரம் போதும், தோழர்களே. ஒரு குறிப்பேடும் ஓர் எழுதுகோலும் போதும். ஜாக்சனில் அவ்வளவிலேதான் தொடங்கினார்கள்.