பாடபேதம் காட்டிய வழி

2021 நவம்பரில் மலாவியின் தலைநகர் லிலாங்வேயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு வாதம் கண்டது. இயற்கைப் போலியோ வைரஸ் ஆப்பிரிக்காவில் ஒழிந்தது என்று சான்றளித்து ஒன்றேகால் ஆண்டுதான் ஆகியிருந்தது. அவளுடைய மல மாதிரி தென்னாப்பிரிக்க ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியும் பார்த்தது. இயற்கை வைரஸேதான், முதல் வகை. எங்கிருந்து வந்தது?

இந்த வைரஸின் மரபுச் சரத்தில் சுமார் 7,500 எழுத்துகள். குடலில் பெருகும்போது தன்னைப் படியெடுக்கிறது; பிழை விடுகிறது; திருத்த ஆளில்லை. விழுந்த பிழை அடுத்தடுத்த படிகளிலும் தொடரும். சுவடி பதிப்பித்தவர்கள் பாடபேதங்களை ஒப்பிட்டு, எந்த ஏடு எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று கண்டார்களே, ஆய்வகத்தில் நடப்பதும் அதுதான். ஆனால் சுவடிக்கு இல்லாத ஒரு வசதி இங்கே உண்டு. பிழைகள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சேர்கின்றன. விபி1 என்ற பகுதியின் சுமார் 900 எழுத்துகளில் ஆண்டுக்கு ஒன்பது மாறும். அதனால் பூர்வீகத்திலிருந்து பிரிந்த காலமும் கணக்கில் வந்துவிடுகிறது.

லிலாங்வே வைரஸின் நெருங்கிய உறவு, 2019 வாக்கில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் சுற்றிய கிளை. யார் வழியாகக் கடல் தாண்டியது என்பதை எழுத்துகள் சொல்லா. இரண்டுக்கும் நடுவே சுமார் இரண்டு ஆண்டுப் பிழைகள் கிடந்தன. இடைப்பட்ட ஏடு ஒன்றுகூடக் கையில் இல்லை.

என்னை உலுக்குவது இந்த இடைவெளிதான். முதல் வகைப் போலியோ தொற்றினால் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே வாதம் வரும். மற்றவர்கள் ஓடியாடிக்கொண்டே வைரஸைக் கைமாற்றியிருப்பார்கள். யாருக்கும் தெரியாமல் அது குடல் குடலாக நடந்த காலம் அது. சாக்கடை நீரை ஊர் ஊராக எடுத்துச் சோதித்திருந்தால் ஓர் ஏடாவது முன்பே சிக்கியிருக்கும். கண்காணிப்பில் விழுந்த ஓட்டை அது. வேறு பெயர் சொல்லி மறைக்கக் கூடாது.

பக்கத்து மொசாம்பிக்கின் டெட்டே மாகாணத்தில் 2022இல் எட்டுப் பேருக்கு வாதம் வந்தது. மலாவி, மொசாம்பிக், தான்சானியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே என்று ஐந்து நாடுகளில் வீடு வீடாகச் சொட்டு மருந்து போனது. 2024 மே மாதம் பரவல் முடிந்ததாக அறிவித்தார்கள். வாதம் கண்டவர்கள் 9 பேர். மருந்து கொடுக்க வேண்டியிருந்த குழந்தைகள் 5 கோடிக்கும் மேல்.