பினாங்கில் கொடி மாறிய நாட்கள்

ஒரு நகரத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் எந்த ஆண்டில் எந்தக் கொடி இறங்கி எந்தக் கொடி ஏறியது என்று குறித்து வைப்பார்கள். ஆனால் இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் குழாயில் தண்ணீர் வரச் செய்தவர் யார், இறந்தோரை அடக்கம் செய்தவர் யார் என்று விசாரிக்கப் புகுவோர் சிலரே. 1786-ல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கியது முதல் பல ராஜாங்கங்களைக் கண்டுவிட்ட பினாங்குக்கோ, இந்த விசாரணை மிகவும் அவசியமானது.

1867 ஏப்ரல் முதல் தேதியன்று பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் இந்திய சர்க்காரின் பொறுப்பிலிருந்து நீங்கி, லண்டனிலுள்ள குடியேற்ற நாட்டு இலாகாவின் நேர் பொறுப்பில் வந்தன. ஆணைகள் வரும் திக்கு மாறிற்றேயன்றி நிர்வாகம் அறுபடவில்லை. கொடுப்பவரும் கொள்பவரும் ஒரே முடியின் ஊழியர்களாக இருந்தமையால், பொறுப்பு முறைப்படி கைமாறியது.

1941 டிசம்பரிலோ அந்த முறை அடியோடு தகர்ந்தது. 11-ம் தேதி ஜப்பானிய விமானங்கள் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் மீது குண்டு பொழிய, வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடியிருந்த ஜனங்கள் கூட்டங்கூட்டமாக மாண்டனர். அடுத்த சில நாட்களில், ராணுவத்தின் உத்தரவுப்படி ஐரோப்பியர்கள் இரவோடிரவாகக் கப்பலேறினர். சீனர், மலாய்க்காரர், தமிழர் ஆகிய ஊர் மக்களும், அலுவலகங்களைத் தாங்கி வந்த கிராணிமாரும் (குமாஸ்தாக்களும்) தீவிலேயே விடப்பட்டனர். பினாங்கு மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டுவிட்டதாகப் பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர் சிங்கப்பூர் வானொலியில் பேசியது, கைவிடப்பட்டோர் மனத்தில் ஆறாத புண்ணாயிற்று. தெருக்களில் பிணங்கள் அழுகின. கடைகள் கொள்ளை போயின. நகரத்தை இன்னாரிடம் ஒப்படைக்கிறோம் என்று சொல்வதற்குக்கூட அதிகாரி ஒருவரும் இல்லை.

அந்த வெற்றிடத்தில் பொறுப்பை ஏற்றவர், 'ஸ்திரெயிட்ஸ் எக்கோ' ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியராயிருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. ஆங்கிலேயரின் யூனியன் ஜாக் கொடி பறக்கும் வரை குண்டுவீச்சு ஓயாது என்பதை உணர்ந்த அவர், கோர்ன்வாலிஸ் கோட்டைக் கொடிமரத்திலிருந்து அதை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றினார். ஆங்கிலேயர் அழிக்காமல் விட்டுச்சென்ற வானொலி நிலையத்தின் மூலம், இந்நகரில் இப்பொழுது காவற்படை ஏதுமில்லை என்று ஜப்பானியருக்கு அறிவித்தார். பல இனத்தவரும் அடங்கிய பினாங்குச் சேவைக் கமிட்டி அவர் தலைமையில் அமைந்து, கொள்ளையைத் தடுக்கவும் ஊருக்கு உணவு கிடைக்கவும் பாடுபட்டது. எவரும் நியமிக்காமலே உத்தியோகப் பொறுப்பை மேற்கொண்ட அவர்களைப் பொதுஜன ஊழியர் என்றழைக்காமல் வேறெப்படி அழைப்பது?

1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியபோது, ஜப்பானியர் ஆட்சியிலும் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காத்த கிராணிமாரின் கையிலிருந்த, ஜப்பானியர் வெளியிட்ட வாழைமர நோட்டுகள் செல்லாக் காசாயின. எஜமானர்கள் மாறும்போதெல்லாம் நஷ்டத்தைச் சுமப்பவர் கீழ்நிலை ஊழியரே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நகரம் பாடம் கற்கத் தவறவில்லை. 1957 ஜனவரியில் ஜார்ஜ் டவுன் மாநகரமாகி, தொழிற்கட்சியின் டி. எஸ். ராமநாதன் அதன் முதல் மேயரானார். அவ்வாண்டு ஆகஸ்டு 31-ல் சுதந்திரம் வந்தபோது ஆட்சி அமைதியாகக் கைமாறியது. 1969-ல் ஆட்சிக்கு வந்த கெராக்கான் கட்சி 39 ஆண்டுகளுக்குப் பின் 2008 மார்ச் 8-ந் தேதித் தேர்தலில் தோற்று, லிம் குவான் எங் முதலமைச்சராகப் பதவியேற்றபோதும், மாநிலச் செயலாளரும் அவருக்குக் கீழ்ப்பட்ட அலுவலர்களும் அரசு அலுவலகங்கள் உள்ள கொம்தார் கட்டட மாடிகளில் தத்தம் பணியைத் தொடர்ந்தனர்.

ராஜாங்கம் என்பது மக்கள் ஒப்படைத்த பொருள். அதை விட்டு நீங்குகிறவர், கோப்புகளையும் கஜானாவையும் முடிவுறாத கடமைகளையும் அடுத்து வருபவரிடம் கணக்கோடு ஒப்புவித்துப் போவதே தர்மம். வந்தவர் எக்கட்சியினராயினும் அவருக்கு உண்மையை மறைக்காது எடுத்துரைப்பதே ஊழியரின் தர்மம். இவ்விரண்டில் முதலாவது தவறியபோது ஒரு நகரம் பட்ட பாட்டைப் பினாங்கு அறியும். ஆகவே, இவற்றைச் சட்டத்தாலும் பழக்கத்தாலும் உறுதி செய்துகொள்வது அந்நகரத்து மக்கள் தமக்கும் தம் சந்ததிக்கும் செய்யும் பெரும் உபகாரமாகும்.